சல்வீனா எழுதிக்கொடுத்த இடங்கள்

சுற்றுலாத் தீவு ஒன்றின் புஜிப்பா ஊரில், கடலைப் பார்த்த ஓட்டல் ஒன்றின் மூன்றாம் மாடியும் நான்காம் மாடியும் சல்வீனா ஷுவெரெப்பின் பொறுப்பு. இருபத்தெட்டு வருஷமாக அந்த இரண்டு மாடிகளிலும் படுக்கை விரித்து, குளியலறை கழுவி, துண்டு மடித்து வைத்தவள். விருந்தாளிகள் பால்கனி நாற்காலியில் சாய்ந்து பார்க்கும் கடலை அவளும் தினமும் பார்த்தாள், கண்ணாடிக் கதவைத் துடைக்கிற அரை நிமிஷம் மட்டும்.

அந்தத் துண்டுச்சீட்டு விவகாரம் தொடங்கி ஏழெட்டு வருஷம் இருக்கும். இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியார், இரண்டு பெண் குழந்தைகளோடு அறையிலேயே அடைந்து கிடந்தார். படகுக்குக் காசு, மீன்காட்சிக்குக் காசு, கோட்டைக்குக் காசு, இனி நான்கு நாளை எப்படி ஓட்டுவது என்று அவர் புலம்பியதைக் கேட்டு சல்வீனாவுக்கு மனசு பொறுக்கவில்லை. சலவைக்கு வைக்கும் சீட்டின் பின்பக்கத்தில், காசில்லாமல் போய்வரக்கூடிய ஐந்து இடங்களை எழுதிக் கொடுத்தாள். கிளம்புகிற அன்று வாத்தியார் அவளைத் தேடி வந்து கைகுலுக்கி, "இந்த விடுமுறையே உங்களாலதான் நல்லா போச்சு" என்றார். யாரும் அதுவரை அவளிடம் அப்படிச் சொன்னதில்லை.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. மோஸ்தாவில் இருக்கும் தன் வீட்டில், சாப்பாடு முடிந்ததும் சமையலறை மேஜையில் உட்கார்ந்து அழகான கையெழுத்தில் பத்துப் பத்துச் சீட்டாக எழுதுவாள். போய்வந்தவர்கள் சொன்னதைக் கேட்டுப் பட்டியலும் வளர்ந்தது. ஒருவர் ஒரு குகையைப் பற்றிச் சொல்வார், அதைச் சேர்ப்பாள். இன்னொருவர் பாறையில் பழங்காலத்து வண்டித்தடம் இருப்பதாகச் சொல்வார், அதையும் சேர்ப்பாள். ஐந்து இடம் பதினெட்டு ஆயிற்று. அவள் மாடிகளில் இருந்த ஒவ்வொரு அறையிலும், விளக்குக்குக் கீழே ஒரு சீட்டு இருந்தது.

அவற்றில் பெரும்பாலானவற்றை அவள் போய்ப் பார்த்ததில்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கே தோன்றவில்லை.

அந்த ஆகஸ்ட் மாதம் 412-ஆம் அறையில் மேவிஸ், கென்னத் என்று ஒரு வயதான தம்பதி தங்கியிருந்தார்கள். இருவருக்கும் எழுபது தாண்டியாயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை காலை சல்வீனா துண்டுகளோடு கதவைத் தட்டியபோது மேவிஸ் கால்களைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தாள். முகம் சிவந்து, உதடு வெடித்திருந்தது.

"உள்ள வாம்மா," என்றாள் மேவிஸ். "நேத்து பேதுரு குளத்துக்குக் கிளம்பினோம்."

மார்சாஷ்லொக் மீன்பிடி ஊருக்கு அந்தப் பக்கம், பாறையைக் கடல் அரித்து உண்டாக்கிய இயற்கைக் குளம் அது. சல்வீனாவின் சீட்டில் மூன்றாவதாக இருக்கும்.

"நல்லா இருந்துதா மேடம்?"

பால்கனியிலிருந்து கென்னத் பதில் சொன்னார். "குளத்தை எங்க பாத்தோம்? பாதி வழியில இவ மயங்கி விழுந்துட்டா. தோட்டத்துக்காரர் ஒருத்தர் தண்ணி தெளிச்சு, தக்காளிக் கூடைகளுக்கு நடுவுல வண்டியில உக்கார வச்சு ஊருக்குள்ள கொண்டுவந்து விட்டார்."

சல்வீனா துண்டுகளை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள்.

"உன்னைக் குத்தம் சொல்லல," என்றாள் மேவிஸ். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பஸ் நிக்கிற இடத்துலேர்ந்து அஞ்சு நிமிஷம்னு எழுதியிருக்க. நாங்க அரை மணி நடந்தோம், நிழலே இல்ல. வழி தப்பிட்டோமா? நீ எந்த வழியா போவ?"

ஐந்து நிமிஷம் என்று சொன்னது யார் என்று சல்வீனா யோசித்தாள். டென்மார்க்கிலிருந்து வந்த ஒரு ஜோடி. அவர்கள் வாடகைக்கார் வைத்திருந்தார்கள்.

"நான் போனதில்ல மேடம்."

"கொஞ்ச நாளா போகலையா?"

"போனதே இல்ல."

"உன் ஊராச்சே. நீ போயிருப்பேன்னு நினைச்சுட்டேன்," என்றாள் மேவிஸ். கோபமில்லாமல்தான் சொன்னாள். கத்தியிருந்தால் சல்வீனா சமாளித்திருப்பாள்.

துணி அறையில் அவளோடு வேலை பார்க்கும் டிராகனா போர்வை மடித்துக்கொண்டிருந்தாள். செர்பியாக்காரி, நாற்பது வயது, மனசில் பட்டதை மென்று விழுங்குகிற பழக்கம் கிடையாது. சல்வீனா நடந்ததைச் சொல்லிவிட்டு, பதினெட்டு இடங்களையும் விரல்விட்டு எண்ணினாள். நேரில் பார்த்தது நான்கு. அதில் ஒன்று அவளுக்குக் கல்யாணம் நடந்த தேவாலயம்.

"அப்ப பதினாலு எடத்துக்கு ஆளுங்களைக் கண்ணைக் கட்டி அனுப்பியிருக்க," என்றாள் டிராகனா.

"ஏழு வருஷமா இங்க இருக்கியே, நீ எத்தனை பாத்த?"

"நான் பாத்தது ரெண்டு. இந்த ஓட்டல், அப்புறம் விமான நிலையம். ஆனா நான் யாருக்கும் சீட்டு எழுதிக் குடுக்கல."

அன்று சாயங்காலத்துக்குள் சல்வீனா இரண்டு மாடிகளிலும் இருந்த சீட்டுகளை எல்லாம் திரும்ப எடுத்துவிட்டாள். சனிக்கிழமை அந்தத் தம்பதி ஊருக்குக் கிளம்பினார்கள். 412-ஐச் சுத்தம் பண்ணப் போனபோது அவர்களுடைய சீட்டு மட்டும் மேஜையில் கிடந்தது. மேவிஸ் 'ஐந்து' என்பதை மெல்லிய கோடாக அடித்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள்.

சல்வீனாவுக்கு வார விடுமுறை புதன்கிழமை. அன்றைக்குத்தான் வீட்டுத் துணி, கடைக்குப் போவது, கல்லறைக்குப் பூ வைப்பது எல்லாம். அந்தச் செவ்வாய்க்கிழமை சாப்பிடும்போது புருஷனிடம் சொன்னாள்.

"நாளைக்கு ஆறு மணி பஸ்ஸுல மார்சாஷ்லொக் போறோம்."

நாஸ்யு கரண்டியைக் கீழே வைத்தான். அறுபத்தைந்து வயது மனுஷன், முப்பது வருஷமாகப் பழைய மஞ்சள் பஸ் ஓட்டியவன், அதுவும் சொந்த பஸ். முன்கண்ணாடிக்கு மேலே மாதா படமும், பக்கவாட்டில் தன் கையால் தீட்டிய கழுகுப் படமுமாக அதை மணப்பெண் போல வைத்திருந்தான். 2011-இல் பழைய பஸ்களை எல்லாம் எடுத்துவிட்டுப் புது பஸ்களைக் கொண்டுவந்த நாளிலிருந்து அவன் ஒரு பஸ்ஸிலும் ஏறியதில்லை. ஊர்க்காரர்களுக்குப் பயணம் இலவசம் என்று ஆனபோது சல்வீனா இரண்டு பேருக்கும் அட்டை வாங்கி வைத்தாள். அவனுடையது உறையைவிட்டு வெளியே வரவில்லை.

"மார்சாஷ்லொக்ல என்ன இருக்கு? நான் நாலாயிரம் தடவை போயிருக்கேன்."

"பஸ்ஸை விட்டு இறங்கினியா?"

"எதுக்கு இறங்கணும்? வண்டியைத் திருப்பணும், வரணும்."

"அதான் நாளைக்கு இறங்கப் போற. வாய்யா. தனியா போய் நானும் வெயில்ல விழுந்தா யாரு தூக்குவா?"

கடைசி வார்த்தைதான் வேலை செய்தது. வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தான். ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கும் விதம் சரியில்லை, வளைவில் அகலமாக எடுக்கத் தெரியவில்லை, இருக்கை குப்பைத்தொட்டி மூடி மாதிரி இருக்கிறது. முன்னால் இருந்த ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்து, "உனக்கு அவ்வளவு தெரிஞ்சா நீயே போய் ஓட்டேன்" என்றாள். அதன்பிறகு வாய் திறக்கவில்லை.

துறையில் இறங்கியதும் சல்வீனா கடிகாரத்தைப் பார்த்தாள். வண்ணப் படகுகளைத் தாண்டி, விரிகுடாவைச் சுற்றி, ஏறுமுகமான சாலையில் நடந்தார்கள். இரண்டு பக்கமும் இடுப்புயரக் கல்சுவர், சுவருக்கு மேலே சப்பாத்திக்கள்ளி. மரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. காலை ஏழு மணிக்கே வெயில் கழுத்தில் உட்கார்ந்தது. இருபதாவது நிமிஷத்தில் நாஸ்யு சுவரில் சாய்ந்து நின்றுவிட்டான்.

"இந்த இடத்துலதான் அந்தம்மா விழுந்திருக்கணும்," என்றான் மூச்சு வாங்கியபடி.

"எப்படிச் சொல்ற?"

"நான் இங்கதான் விழப் போறேன்."

மணிக்கு ஒரு சின்ன பஸ் இந்தச் சாலையிலேயே வருகிறது என்பதை, அது அவர்களைத் தாண்டிப் போனபோதுதான் தெரிந்துகொண்டார்கள். சல்வீனா அதையும் குறித்துக்கொண்டாள். கடைசியில் சரளைக்கல் சறுக்கும் இறக்கம். அதைக் கடக்க நாஸ்யுவின் தோளைப் பிடித்துக்கொண்டாள், அவன் அவள் பையைப் பிடித்துக்கொண்டான். பாறை விளிம்புக்கு வந்ததும் கடிகாரத்தைப் பார்த்தாள். நாற்பத்துமூன்று நிமிஷம்.

அதன்பிறகுதான் நிமிர்ந்தாள்.

வெளிர்மஞ்சள் பாறை படிப்படியாகத் தட்டையாக இறங்கியது. அதன் நடுவே பச்சைத் தண்ணீர், அடியில் கிடக்கும் கல் ஒவ்வொன்றும் தெரிகிற தெளிவு. அந்த நேரத்தில் அங்கே ஒரு நாயும் அதன் சொந்தக்காரரும் மட்டும்தான். நாஸ்யு செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்களைத் தண்ணீரில் தொங்கவிட்டான். சல்வீனா ரொட்டியை எடுத்தாள். தக்காளி தேய்த்து, எண்ணெய் விட்டு, உப்பில் ஊறிய கேப்பர் மொட்டும் வெங்காயமும் வைத்த ரொட்டி. இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். எத்தனை பேரை இங்கே அனுப்பியிருப்போம் என்று அவள் மனசில் ஓடியது. நூறா, இருநூறா? அவர்கள் திரும்பி வந்து 'அழகான இடம்' என்று சொன்னபோதெல்லாம் தான் தலையாட்டியதை நினைத்து வெட்கமாக இருந்தது. அதோடு கொஞ்சம் எரிச்சலும், யார் மேல் என்று தெரியாத எரிச்சல்.

"முப்பத்தெட்டு வருஷமாச்சு நமக்குக் கல்யாணமாகி," என்றாள். "நாம ஏன் இங்க வரல?"

நாஸ்யு நேர்மையாக யோசித்தான். "யாரும் சீட்டு எழுதிக் குடுக்கல," என்றான்.

வீட்டுக்கு வந்ததும் மேவிஸின் கேள்விக்குறிக்குப் பக்கத்தில் 43 என்று எழுதினாள்.

அந்தப் புதனுக்கு அடுத்த புதனும் போனார்கள், அதற்கடுத்ததும். வீட்டுத் துணி வேறு நாளுக்குப் போயிற்று. தலைநகர் வலேட்டாவின் மேல்தோட்டத்தில், துறைமுகத்துக்கு மேலாக நண்பகலில் பீரங்கி வெடிப்பதைக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்தார்கள். சத்தத்தில் நாஸ்யுவின் கையிலிருந்த பாலாடைக்கட்டி அடைத்துச் சுட்ட பஸ்திட்சி கீழே விழ, புறாக்களுக்கு வேட்டையாயிற்று. வண்டித்தடம் என்று எழுதியிருந்த இடத்தைத் தேடி இரண்டு மணி நேரம் சுற்றி, கடைசியில் அதன் மேலேயே நின்றுகொண்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். திறந்தவெளிக் கச்சேரி என்று எழுதியிருந்தது நான்கு வருஷத்துக்கு முன்பே நின்றுபோயிருந்தது. இலவசம் என்று எழுதியிருந்த ஒரு இடத்தில் வாசலில் நுழைவுச்சீட்டு விற்றார்கள். இரண்டையும் அடித்தாள். புதுப் பட்டியலில் போய்வந்த இடங்களை மட்டும் வைத்து, ஒவ்வொன்றுக்கும் கீழே பார்த்ததைப் பார்த்தபடியே எழுதினாள். நிழல் இல்லை. கழிப்பறை இருக்கிறது, பூட்டியிருக்கும். முழங்கால் வலிக்காரர்கள் மேலிருந்து பார்த்தால் போதும்.

அக்டோபரில் அந்தப் புதுச் சீட்டுகளை அறைகளில் வைத்தாள். இரண்டே வாரத்தில் மேலாளர் ரொமீனா அவளைக் கூப்பிட்டனுப்பினாள். அறையில் கிளைவும் இருந்தான். வரவேற்புக்கூடத்தில் மேஜை போட்டு, படகுப் பயணமும் தீவுச் சுற்றுலாவும் விற்பவன்.

"சல்வீனா, இது நீங்க எழுதினதா?" ரொமீனா சீட்டை நீட்டினாள்.

"என் கையெழுத்துதான்."

"நான் கீழ உக்காந்து படகு விக்கறேன்," என்றான் கிளைவ். "இவங்க மேல இருந்து ஆளுங்களைச் சும்மா குளிக்க அனுப்பறாங்க. என் பொழப்புல மண்ணைப் போட்டா எப்படி?"

"படகுல போறவங்க எப்படியும் படகுலதான் போவாங்க கிளைவ்," என்றாள் சல்வீனா. "போக முடியாதவங்க ரூம்ல உக்காந்துக்கிட்டு என்கிட்டதான் அழுவாங்க. உன்கிட்ட வர மாட்டாங்க."

ரொமீனா இரண்டு பேரையும் பார்த்தாள். ஆகஸ்டில் ஒரு விருந்தாளி மயங்கி விழுந்தது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. "நாளைக்கு யாராவது காலை உடைச்சுக்கிட்டா ஓட்டல் பேருதான் கெடும். அறையில எதுவும் வைக்காதீங்க. வாயால கேட்டா வாயால சொல்லுங்க, அதுக்கு மேல வேண்டாம்."

சல்வீனா சரி என்றாள். வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் மேவிஸின் வெடித்த உதட்டை நினைத்தபோது ரொமீனா சொன்னதில் நியாயம் இருப்பதாகத்தான் பட்டது. சீட்டுகளை இரண்டாவது முறையாகத் திரும்ப எடுத்தாள். கேட்டவர்களுக்கு மட்டும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வழி சொன்னாள். முதலில் அவர்கள் முழங்காலைப் பற்றி விசாரிப்பாள்.

சீட்டு நின்றது, புதன்கிழமை நிற்கவில்லை. தண்ணீரில் சூடு மிச்சமிருக்கும் அந்த மாதக் கடைசியில், தெற்குக் கரையில் இருக்கும் ஆர் லப்சிக்குப் போனார்கள். சின்னப் படகுத்துறை, பாறைகள் காவல் காக்கும் ஒரு குளம் போன்ற கடல். பத்து மணி வாக்கில், வயதான பெண்கள் ஆறேழு பேர் தலையில் தொப்பியோடு தண்ணீரில் வட்டமாக மிதந்துகொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். யார் மருமகள் என்ன சொன்னாள், எந்த வைத்தியர் நல்லவர், பூசணிக்காயை இந்த வருஷம் என்ன செய்வது. கூந்தல் நனையாமல், பேச்சு நிற்காமல்.

அதில் ஒருத்தி கரையில் இருந்த நாஸ்யுவை உற்றுப் பார்த்தாள். அவளுக்குப் பெரிய உடம்பு, சிவப்புத் தொப்பி.

"நீ பஸ் ஓட்டினவன்தானே? கழுகு போட்ட பஸ்?"

நாஸ்யுவுக்கு முகம் மலர்ந்தது. "ஆமா. ஞாபகம் இருக்கா?"

"ஏன் இருக்காது? தொண்ணூத்தாறுல, ஜனவரி மாசம், கொட்டற மழை. ரெண்டு கையிலயும் பை. நான் கையைக் காட்டறேன், நீ என்னைப் பாத்துக்கிட்டே போன. என் மேல சேறு வேற தெளிச்ச."

"வண்டி நிறைஞ்சிருக்கும்," என்றான் நாஸ்யு.

"நாலு பேரு இருந்தாங்க. எண்ணினேன்."

தண்ணீரில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் சிவப்புத் தொப்பி சல்வீனாவிடம் திரும்பினாள். அவள் பெயர் ரொஸாரியா. "இவன் பொண்டாட்டியா நீ? பாவம். நீ ஏன் மேல நிக்கிற? இறங்கு."

"நீச்சலுடை கொண்டு வரல."

"யாரு பாக்கப் போறா? மீனா?"

சல்வீனா கடைசியாகக் கடலில் இறங்கியது சின்ன மகனுக்கு நான்கு வயதாக இருந்தபோது. அவனுக்கு இப்போது முப்பத்திரண்டு, பெர்த் நகரத்தில் குழாய் வேலை செய்கிறான். அதன்பிறகு இறங்காததற்குக் காரணம் என்று ஒன்றும் இல்லை. கோடைகாலம் முழுக்க ஓட்டலில் வேலை, குளிர்காலத்தில் தண்ணீர் ஜில்லென்றிருக்கும், வருஷங்கள் போய்விட்டன. கைப்பையை நாஸ்யுவிடம் கொடுத்தாள். கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தாள். பருத்திக் கவுனோடு இரும்பு ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

கவுன் பலூன் மாதிரி ஊதிக்கொண்டு மேலே வந்தது. ரொஸாரியா அதை ஒரு தட்டுத் தட்டி அமுக்கினாள். "மல்லாக்கப் படு. காதுல தண்ணி போனா போகட்டும். நான் பிடிச்சுக்கறேன்."

சல்வீனா படுத்தாள். முதுகுக்குக் கீழே ரொஸாரியாவின் உள்ளங்கை இருந்தது. கொஞ்ச நேரத்தில் அது இல்லை. இருபத்தெட்டு வருஷம் குனிந்து மெத்தை தூக்கிய இடுப்பு வலிக்காமல் இருப்பதை அவள் கவனித்தாள். காதுகளுக்குள் கடல் ஒரே சீராக இரைந்தது, பேச்சு எங்கோ தூரத்தில் கேட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஏறி வந்தபோது விரல்நுனி சுருங்கி, பல் கிட்டியது. நாஸ்யு தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு பனியனோடு நின்றான்.

"பஸ்ஸுல ஈரத்தோட ஏத்துவானா?" என்று கேட்டாள்.

"ஏத்தாம போகட்டும், அப்புறம் நான் பேசிக்கறேன்."

ஏற்றினார்கள். அவள் நின்றுகொண்டே வந்தாள்.

மறுநாள் துணி அறையில் இதைச் சொன்னபோது டிராகனா துணியை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டாள். அதுவரை அவள் யாருடைய கதையையும் அப்படிக் கேட்டதில்லை. "எனக்கும் புதன்கிழமை விடுமுறை போடச் சொல்லு," என்றாள். ரொமீனாவிடம் சல்வீனாவே போய்க் கேட்டாள். குளிர்காலத்தில் ஆட்கள் குறைவு, ரொமீனா மறுக்கவில்லை. டிராகனா வந்தாள், அடுத்த வாரம் சமையலறையில் பாத்திரம் கழுவும் நேபாளத்துக்காரி சர்மிளா வந்தாள், அவள் தன் அறையில் தங்கியிருக்கும் இன்னொருத்தியை அழைத்து வந்தாள். மூன்று வருஷம் தீவில் இருந்தும் அந்த இரண்டாமவள் கடலில் கை நனைத்ததில்லை. பிப்ரவரிக்குள் ஆறு பேர் ஆகிவிட்டார்கள். ஆறாவது ஆள் கிளைவ். சுற்றுலாச்சீட்டு விற்பவன், தான் விற்கும் இடங்களில் பாதியைப் பார்த்ததில்லை என்று சொல்லிக்கொண்டு வந்து நின்றான். சல்வீனா ஒரு ரொட்டி கூடுதலாகச் செய்தாள்.

அந்த மாதத்தில் ஒரு புதன், டிங்லி செங்குத்துப் பாறைக்குப் போனார்கள். விளிம்பில் மதலேன் மரியாளின் சின்னக் கோவில், அதற்கு அப்பால் நிலமே இல்லை, நேரே கீழே கடல். தரையெங்கும் மஞ்சள் பூ பூத்திருந்தது. அதன் தண்டைக் கடித்தால் புளிக்கும் என்று சல்வீனா காட்டிக் கொடுத்தாள். சர்மிளா ஒன்றைக் கடித்துப் பார்த்து, தன் ஊரிலும் இப்படி ஒன்று உண்டு என்று கைநிறையப் பறித்தாள். கடலில் தனியாகக் கிடந்த குட்டித்தீவைக் காட்டி நாஸ்யு விளக்கிக்கொண்டிருந்தான். அங்கே ஆள் போகக்கூடாது, பறவையும் பல்லியும் மட்டும்தான்.

"அந்தப் பல்லி வேற எங்கயும் கிடையாது," என்றான்.

"நீ பாத்திருக்கியா?" என்று கேட்டாள் டிராகனா.

"இல்ல," என்றான் நாஸ்யு, கொஞ்சமும் தயங்காமல். "கேள்விப்பட்டதுதான்."

காற்று பலமாக இருந்தது. கோவில் சுவரின் மறைவில் உட்கார்ந்து ரொட்டியைப் பிரித்தார்கள். திரும்பும் பஸ்ஸுக்கு இன்னும் ஐம்பது நிமிஷம் இருந்தது. குளிரில் உட்கார்ந்திருப்பதைவிட அடுத்த நிறுத்தம் வரை நடக்கலாம் என்றாள் சல்வீனா. எழுந்து பாவாடையில் ஒட்டிய துணுக்குகளைத் தட்டிவிட்டு முன்னால் நடந்தாள்.